குழாய்க்குப் பின்னால் ஒரு பயணம்

"உங்கள் ஊர் ஆறு எது?" என்று பாண்டுப்பிலோ தாராவியிலோ வாழும் தமிழ்ப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "தாமிரபரணி" என்று அது பெருமையுடன் பதில் சொல்லக்கூடும். பாபநாசத்தையும் மணிமுத்தாறு அணையையும் கோடை விடுமுறையில் கண்டிருக்கும். "நீ தினமும் குடிக்கும் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது?" என்று அடுத்துக் கேளுங்கள். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் தகப்பனின் முகத்தைப் பார்ப்பாள். பிழைக்க வந்த நகரத்தில் வேலையையும் ரயில் நேரத்தையும் அறிந்துகொண்டோம். நம்மை வாழவைக்கும் நீரின் வழியை மட்டும் அறியாதிருக்கிறோம். குடும்பமாக ஒரு விடுமுறை நாளைச் செலவிட்டால் இக்குறை தீரும்.

தாகத்தால் பிறந்த ஏரி

பாண்டுப்புக்கு மேற்கே பசுமையாய் எழுந்து நிற்கும் குன்றுகளுக்கு அப்பால் விகார் ஏரி இருக்கிறது. அது இயற்கையான ஏரி அன்று. மனிதர் அணை கட்டித் தேக்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பம்பாய் மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தனர். தோபி தலாவ், கோவாலியா டேங்க் ஆகிய இடங்களில் இன்று குளம் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1850களில் மழை பொய்த்து நகரம் தவித்தபோதுதான் தொலைவிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரும் திட்டம் உறுதிப்பட்டது. ஹென்றி கோனிபியர் என்னும் பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி 1856இல் பணி தொடங்கியது. 1860இல் விகார் நீர் நகரை அடைந்தது.

ஆயினும் பெருகிவந்த நகரத்துக்கு அந்த ஓர் ஏரி போதவில்லை. 1879இல் துளசி ஏரியும் 1891இல் பவாய் ஏரியும் எழுந்தன. பவாய் நீர் குடிப்பதற்குத் தகுதியற்றது என்று விரைவிலேயே கைவிடப்பட்டது. இன்று அது தொழிற்சாலைகளின் தேவைக்கும் பிற பயன்களுக்கும் உதவுகிறது. அடுத்த ஆண்டே, 1892இல், ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தான்சாவிலிருந்து நீர் வந்தது. அதுமுதல் நகரம் தன் தாகத்துக்கு மேலும் மேலும் தொலைவுக்குச் சென்றுகொண்டே இருக்கிறது.

ஏரி நிறைந்தால் தாராவியில் வெள்ளம்

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். துளசி ஏரியின் மிகைநீர் விகாரைச் சேருகிறது. விகார் நிரம்பி வழியும் நீரே மித்தி ஆறாகிறது. சற்றுத் தொலைவில் பவாயின் மிகைநீரும் அதனுடன் கலக்கிறது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு சாக்கி நாக்கா, விமான நிலையம், குர்லா ஆகிய பகுதிகளைக் கடந்து, தாராவியின் ஓரமாய் ஓடி, மாஹிம் கழிமுகத்தில் கடலோடு சேருகிறது. தாராவியில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் கறுத்த நீரோட்டத்தின் பிறப்பிடம், பாண்டுப்புக்குப் பின்னாலுள்ள தூய மலைக்காடுகளே!

2005 ஜூலை 26ஆம் நாளை நம் மக்கள் மறக்கமாட்டார்கள். சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கரைகள் ஆக்கிரமிக்கப்பட்டு, குப்பையால் அடைபட்டிருந்த மித்தி ஆற்றால் அவ்வளவு நீரைச் சுமக்க இயலவில்லை. கரையோரக் குடிசைகளில் கழுத்தளவு நீர் நின்றது; நகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்த வெள்ளத்துக்குப் பின்னரே அதே ஆண்டில் மித்தி ஆற்றுக்கெனத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. மேலே ஏரிக்கரையில் நடப்பது கீழே குடியிருப்போரின் வாசலுக்கு வந்தே தீரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

பாண்டுப் குன்றின் பெரும்பணி

பாண்டுப் என்றால் நெரிசலான ரயில் நிலையமும், குன்றின் சரிவில் அடுக்கடுக்காய் ஏறிய சாளிகளும் நினைவுக்கு வரும். இதே பாண்டுப்பில்தான் நகரின் குடிநீரில் பெரும்பகுதியைத் தூய்மையாக்கும் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. பழைய பகுதியின் திறன் மட்டும் நாளொன்றுக்கு 1,910 மில்லியன் லிட்டர். பின்னர் மேலும் 900 மில்லியன் லிட்டர் திறனுள்ள பகுதி சேர்க்கப்பட்டது. தூய்மையாக்கப்பட்ட நீரை உயரமான தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து பள்ளத்தை நோக்கித் தானாகவே பாய்ந்து நகரின் பல நீர்த்தொட்டிகளை அது அடைகிறது.

ஏழு நீர்நிலைகள் மும்பைக்கு நீர் தருகின்றன: துளசி, விகார், தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாத்சா. இவை யாவும் நிரம்பினால் 14,47,363 மில்லியன் லிட்டர் பயன்பாட்டு நீர் இருக்கும். அதில் பாதியளவு பாத்சா ஒன்றிலேயே தேங்குகிறது. நகருக்குள் இருக்கும் விகாரும் துளசியும் சேர்ந்து தருவது நூற்றில் மூன்று பங்குக்கும் குறைவு. நகருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 3,900 மில்லியன் லிட்டர் அனுப்பப்படுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஏரிகள் எல்லாம் நிறைந்தாலும் ஓராண்டுக்கே சரியாகப் போதும். ஒரு பருவமழை தாமதித்தாலும் கை நடுங்கத்தான் செய்யும். 2024ஆம் ஆண்டு மே இறுதியில் 5 சதவீதமும், ஜூன் தொடக்கத்தில் 10 சதவீதமும் நீர் வெட்டப்பட்டது இதனால்தான்.

எங்கே செல்லலாம்?

விகாரும் துளசியும் குடிநீர் ஏரிகள். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டுக்குள் இருக்கும் அவற்றின் கரைக்குப் பொதுமக்கள் விருப்பம்போல் செல்ல இயலாது. வேலி தாண்டிச் செல்ல முயலவும் வேண்டாம். அது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. மூன்று இடங்களுக்கு நாம் தடையின்றிச் செல்லலாம்.

முதலாவது, பவாய் ஏரி. பாண்டுப்புக்கு அடுத்த காஞ்சூர்மார்க் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் ஏரி நிறைந்து, குன்றுகளின் நிழல் நீரில் அசையும் காட்சி கண்ணுக்கு இனிது. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 545 கோடி லிட்டர். முதலைகள் வாழும் ஏரியாதலால் பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். ஆகாயத்தாமரையும் கழிவுநீரும் ஏரியை நெருக்குவதையும் காட்டுங்கள். மாநகராட்சி இக்கரையில் அமைக்க முற்பட்ட மிதிவண்டிப் பாதை சட்டவிரோதம் என்று 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரியைக் காக்கச் சாதாரணக் குடிமக்களும் வழக்காடினர் என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

இரண்டாவது, கன்ஹேரிக் குகைகள். தாதரில் வண்டி மாறிப் போரிவலி சென்று தேசியப் பூங்காவுக்குள் நுழைய வேண்டும். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவிகள் இங்கே வாழ்ந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளின் அருகே பாறையைக் குடைந்து நீர்த்தொட்டிகள் அமைத்துள்ளனர். மழைநீர் பாறையில் வெட்டிய வாய்க்கால்கள் வழியே வந்து அவற்றில் சேரும். தொட்டி வெட்டக் கொடை கொடுத்த வணிகரின் பெயர்களும் கல்லில் எழுதப்பட்டுள்ளன. மழைநீர் சேகரிப்பு இன்று புதிதாய் வந்த பேச்சன்று என்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம்.

மூன்றாவது, மலபார் குன்றின் தொங்கும் தோட்டம். அங்கே நம் பிள்ளைகள் ஓடி விளையாடும் புல்தரைக்கு அடியில் தென்மும்பைக்கு நீர் வழங்கும் பெருந்தொட்டி இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

நீரைத் தந்தவர்களின் நிலை

பயணத்தின் இன்பத்தோடு ஓர் உண்மையையும் மறவாதிருப்போம். தான்சா, பாத்சா அணைகள் தாணே மாவட்டத்தின் சகாப்பூர் வட்டத்தில் உள்ளன. அவ்வட்டத்தின் பழங்குடிக் குக்கிராமங்களில் கோடைதோறும் பெண்கள் குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறார்கள். அவர்கள் மண்ணில் பெய்த மழை மலைகளைத் தாண்டி நம் அடுக்களைக்கு வருகிறது. அவர்களுடைய கிணறோ வறண்டு கிடக்கிறது. நகருக்குள்ளும் இதே வேற்றுமை உண்டு. பெருங்குழாய்களின் அருகிலேயே குடியிருந்தும் முறையான இணைப்பின்றித் தவித்தோர் எத்தனையோ பேர். குடிசை எந்த ஆண்டில் எழுந்தது என்பதைக் காரணங்காட்டிக் குடிநீரை மறுக்கலாகாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறிய பின்னரே அவர்களுக்குச் சிறிது வழி பிறந்தது.

ஆகவே பெற்றோரே, இந்த மழைக்காலம் முடியும் முன் ஒரு நாளை ஒதுக்குங்கள். கட்டுச்சோறும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு குடும்பமாய்ப் பவாய்க் கரைக்குச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையையும் மிச்ச உணவையும் அங்கே விட்டுவராதீர்கள். அங்கே நாம் எறிவது மித்தி வழியே தாராவிக்கு, நம் சொந்தக்காரரின் வாசலுக்கே, வந்து சேரும். வீடு திரும்பியதும் ஒரு நாளில் வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். ஒழுகும் குழாய் இருந்தால் அன்றே வாஷர் மாற்றுங்கள். தாமிரபரணியை நேசிக்கக் கற்றுக்கொடுத்த நாம், விகாரையும் வைதர்ணாவையும் நேசிக்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். அவர்கள் வளர்வது இந்த நீரைக் குடித்தே.