நித்திரைக்கு எந்தத் தேத்தண்ணி?

"இரவில நித்திரை வருகுதில்லை." பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் எங்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். பகலில் எத்தனை தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று கேட்டால் ஆறு, ஏழு என்று பதில் வரும். அறையில் கெற்றில் இருக்கிறது, வேலை செய்ய அனுமதி இல்லை, வேறென்ன செய்வது? ஆனால் சாயத் தேத்தண்ணியில் உள்ள கஃபீன் பல மணித்தியாலம் உடம்பில் நிற்கும். மத்தியானத்துக்குப் பிறகு அதை விட்டு, கஃபீன் இல்லாத மூலிகைத் தேத்தண்ணிக்கு மாறிப் பாருங்கள்.

சமைக்க இடமில்லாத ஹொட்டல் அறையிலும் கொத்தமல்லித் தண்ணி போடலாம். ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியையும் சின்னத் துண்டு இஞ்சியையும் நசுக்கி பிளாஸ்கில் போட்டு, கொதித்த தண்ணியை ஊற்றி இறுக மூடி 20 நிமிடம் விடுங்கள். பிறகு வடித்துக் குடியுங்கள். கெற்றிலுக்குள் ஒன்றும் போட்டு அவிக்க வேண்டாம். அது பழுதானால் ஹொட்டல்காரரோடு வீண் கரைச்சல். தடிமனை இது மாற்றாது, தொண்டைக்கு இதமாக இருக்கும். இஞ்சி ஓங்காளத்தைக் குறைக்கும். தேன் சேர்த்தால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

சுப்பர் மார்க்கெற்றில் விற்கும் கமோமைல், ஒரு சின்ன வெள்ளைப் பூ. படுக்கமுன் பலர் குடிக்கிறார்கள். கோப்பையை மூடி 5 நிமிடம் ஊறவிடுங்கள். பெப்பர்மின்ற் வயிற்று ஊதலுக்கு நல்லது, நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு ஒத்துவராது. பக்கெற்றில் லிக்கரிஸ் என்று போட்டிருந்தால் அது எங்கட அதிமதுரம்தான். பிரெஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மற்ற மூலிகைத் தேத்தண்ணியையும் நாளுக்கு நாலு கோப்பைக்கு மேல் குடிக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் மறந்து போகாதீர்கள். மனச்சோர்வுக்கு என்று சென் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை கடையில் துண்டில்லாமலே கிடைக்கும். "மூலிகைதானே" என்று வாங்கிவிடாதீர்கள். டொக்டர் தந்த மனச்சோர்வுக் குளிசையோடு சேர்ந்தால் ஆபத்து. கர்ப்பத்தடைக் குளிசை, வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்பரின் எல்லாவற்றின் வேலையையும் அது குறைத்துவிடும். ஏற்கனவே குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல் முதலில் டொக்டரிடமோ பார்மசியிலோ கேளுங்கள். அதேபோல, தேத்தண்ணி சுகம் தருகுது என்று பிரெஷர், சலரோகக் குளிசைகளையும் நிறுத்த வேண்டாம்.

பழைய சம்பவங்கள் கனவில் வந்து எழுப்பினால், அதற்குக் கமோமைல் காணாது. ஜிபியிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதிவு செய்யப் பாஸ்போட்டோ விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பொயின்மென்ற் எடுக்கும்போதே கேளுங்கள், காசு இல்லை. இங்கிலாந்தில் மருந்துக்குக் காசு கேட்டால் உங்கள் எச்சி2 சான்றிதழைக் காட்டுங்கள். அது இன்னும் கிடைக்காதவர்கள் எங்களிடம் வாருங்கள், விண்ணப்பம் நிரப்பித் தருவோம்.