ஒரே செயலி, ஒன்பது மதிப்பெண்!

இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளக்கிறோம். ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு நோட்டை மூடினால் ஆசிரியர் விடுவாரா? பல இடங்களில் அளந்து, சுழிப்பிழை திருத்தி, சராசரி கண்ட பின்னரே கையொப்பம் கிடைக்கும். ஆனால் அதே மாணவர்களாகிய நாம், விடுதிக்குத் திரும்பியதும் மடிக்கணினியில் ஒரு சோதனை நிரலை ஒரே ஒரு முறை ஓட்டுகிறோம். வந்த எண்ணை வைத்துக்கொண்டு சிலர் மார் தட்டுகிறார்கள். சிலர் "என் கணினி தேறாது" என்று மனம் சோர்கிறார்கள். மறுநாள் ஓட்டினால் எண் மாறிவிடுகிறது! ஏன் இந்த மாற்றம்? அதை விளக்க முயல்வதே இக்கட்டுரை.

செயலியின் வேகத்தை நிரல்கொண்டு அளக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1972-இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட 'வெட்ஸ்டோன்' என்னும் சோதனை புகழ்பெற்றது. 1984-இல் வைக்கர் என்பார் வேறொரு சோதனை எழுதி அதற்கு 'டிரைஸ்டோன்' என்று பெயர் வைத்தார். 'வெட்' என்றால் ஈரம், 'டிரை' என்றால் உலர்வு. அறிஞர்களுக்கும் குறும்பு உண்டு! இன்று மாணவரிடையே பெரிதும் வழங்குவது 'சினிபெஞ்ச்'. ஒரு படத்தைக் கட்டம் கட்டமாக வரையச் செய்து, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு மதிப்பெண் தருகிறது. இதில் ஆர்15, ஆர்20, ஆர்23 எனப் பல பதிப்புகள் உண்டு. அவற்றின் அளவுகோல்கள் வெவ்வேறு. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது, படியையும் பக்காவையும் ஒன்றாக எண்ணுவது போலாகும்.

இனி இயற்பியலுக்கு வருவோம். செயலி செலவிடும் திறன் அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமாயின் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதிர்வெண் 1.3 மடங்கும் மின்னழுத்தம் 1.2 மடங்கும் கூடினால் திறன் ஏறத்தாழ 1.9 மடங்காகிவிடும்! அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். விரல் பருமன் உள்ள மடிக்கணினியில் அதற்கு இடம் ஏது?

ஆகவே பொறியாளர்கள் ஒரு வழி கண்டனர். எடுத்துக்காட்டாக, 2017-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-8250யு செயலியை நோக்குவோம். அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். நெடுநேர உழைப்புக்கு அதற்கு விதிக்கப்பட்ட வரம்பு 15 வாட். ஆயினும் வேலை தொடங்கியதும் பல மடிக்கணினிகளில் ஏறத்தாழ 28 விநாடி வரை அவ்வரம்பை மீறி ஓட அதற்கு அனுமதி உண்டு. அதன்பின் கடிவாளம் இறுக்கப்படுகிறது. கணினி செய்யும் நிறுவனம் இந்த வாட்டையும் விநாடியையும் மாற்றியமைக்கலாம். ஒரே செயலி உள்ள இரு கணினிகள் வெவ்வேறு எண் தருவதற்கு இதுவே முதற்காரணம்.

இதை என் கணினியிலேயே கண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவன் நான். என் தாயார் சீட்டுப் பணம் எடுத்து வாங்கித் தந்த பழைய மடிக்கணினி அது, செயலி மேற்சொன்னதே. ஆர்15 சோதனையை இடைவிடாமல் ஐந்து முறை ஓட்டினேன். முதல் முறை 662. இரண்டாம் முறை 571. பின்னர் 540-ஐ ஒட்டியே நின்றது. ஒரு முறை ஓட ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. எனவே முதல் ஓட்டத்தின் பெரும்பகுதி அந்தச் சலுகை விநாடிகளிலேயே கழிந்துவிடுகிறது. இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கவே 2020-இல் வந்த ஆர்23 சோதனை, நாம் மாற்றாதவரை 10 நிமிடமாவது தொடர்ந்து ஓடும்படி அமைக்கப்பட்டது.

அறையின் வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. நாம் கடந்த பருவத்தில் செய்த நியூட்டன் குளிர்தல் விதிச் சோதனையை நினைவுகூர்க! வெளியேறும் வெப்பம், பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. இச்செயலிக்கு உச்ச வரம்பு 100 பாகை செல்சியசு. மார்கழிக் காலையில் அறை 25 பாகை என்றால் வேறுபாடு 75. சித்திரை நண்பகலில் 38 என்றால் 62 மட்டுமே. வெளியேற்றக்கூடிய வெப்பத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விட்டது! மெத்தைமேல் வைத்து அடிப்புறக் காற்றுத் துளைகளை அடைப்போர் கதை வேறு.

பேட்டரியில் ஓட்டுதல், மின்சேமிப்பு முறையில் வைத்தல், பின்னணியில் விண்டோஸ் புதுப்பித்தலோ வைரஸ் தேடலோ நடத்தல் ஆகியவையும் எண்ணைக் குறைக்கும். சார்ஜரை மாட்டி, மின்சேமிப்பு முறையை நீக்கி, பின்னணி வேலைகள் அடங்கும்வரை பொறுத்துச் சோதித்தால் இக்குறைகள் பெரும்பாலும் நீங்கும்.

எண்ணை மட்டும் பார்க்காமல் அதனுடன் வெப்பநிலையையும் அதிர்வெண்ணையும் பார்க்க வேண்டும் என்பதற்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். என் கணினியைப் போன்றதையே வைத்திருக்கும் தோழி ஒருவருக்கு ஆர்15-இல் 170-தான் வந்தது. கோப்பு திறக்கவே நெடுநேரம் ஆயிற்று. பழுது பார்க்கும் கடை ஒன்றில் "போர்டு போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்களாம். அவர் தந்தைக்குச் செங்கல் சூளையில் வேலை. ஒன்பதாயிரத்திற்கு எங்கே போவது? படிப்புக்குக் கணினியே வேண்டாம் என்ற முடிவுக்கு வீட்டார் வந்துவிட்டனர்.

நாங்கள் மூவர் ஆய்வகத்தில் அமர்ந்து 'கோர் டெம்ப்' என்னும் இலவச நிரல்கொண்டு பார்த்தோம். வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸில் ஆணி அடித்தாற்போல் நின்றது. வெப்பநிலையோ 45 பாகைதான். வெப்பம் காரணமாயின் 100-ஐ நெருங்கியிருக்க வேண்டும் அன்றோ? எனவே தூசியும் இல்லை, விசிறியும் இல்லை. மின்சேமிப்பு முறையும் இல்லை. தற்செயலாகச் சார்ஜரைக் கழற்றினோம். வேகம் உடனே ஏறியது! மின்சாரத்தில் மெதுவாகவும் பேட்டரியில் விரைவாகவும் ஓடும் கணினி உண்டா?

உண்டு. சில மடிக்கணினிகள் தம் சார்ஜரின் அடையாளத்தைக் கேட்டறிகின்றன. அடையாளம் தெரியாத சார்ஜரானால், அது போதிய வாட் தருமோ தராதோ என்று அஞ்சிச் செயலியை மிகக் குறைந்த வேகத்திற்கு இறக்கிவிடுகின்றன. தோழியின் பழைய சார்ஜர் வயரை எலி கடித்துவிட்டதால், சந்தையில் மலிவான ஒன்றை வாங்கியிருந்தார். என் சார்ஜரை மாட்டி ஓட்டினோம், 648 வந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் மிஞ்சியது. உரிய சார்ஜர் மட்டும் வாங்கினால் போதும் என்றாயிற்று.

இதற்கு நேர்மாறாக, சோதனை தொடங்கிய சில விநாடிகளிலேயே வெப்பநிலை 100-ஐத் தொட்டு, வேகம் சரிந்தால், விசிறியில் தூசி அடைந்திருக்கும். அல்லது செயலிக்கும் உலோகக் குழாய்க்கும் இடையே பூசிய வெப்பப் பசை காய்ந்திருக்கும். அதற்கும் போர்டு மாற்ற வேண்டியதில்லை. துடைத்துப் பசை பூசினாலே தேறும்.

பழைய மடிக்கணினி வாங்கக் கடைக்குச் செல்லும் நண்பர்கள், கடைக்காரர் காட்டும் முதல் எண்ணோடு நின்றுவிட வேண்டாம். அதே இடத்தில், அதனுடன் தரப்போகும் சார்ஜரையே மாட்டி, ஐந்து முறை தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். நான்காம், ஐந்தாம் எண்களையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போல ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.