வறண்ட பகுதியில் ஒயின் திராட்சை: நடும் முன் கவனிக்க வேண்டியவை

பன்னீர் திராட்சைக்குப் பதிலாக ஒயின் ரகம் போட்டால் கூடுதல் லாபம் கிடைக்குமா என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. கிடைக்கலாம். ஆனால் சாப்பிடும் திராட்சையை வளர்ப்பது போலவே இதையும் வளர்த்தால் நஷ்டம்தான் வரும். இந்தியாவில் ஒயின் திராட்சை அதிகம் விளைவது மகாராஷ்டிராவின் நாசிக் பகுதியில். அங்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். மற்ற மாதங்கள் பெரும்பாலும் வறட்சி. அங்குள்ள சாகுபடி முறையில் நாம் கவனிக்க வேண்டியவை இவை.

சிறிய பழமே நல்ல பழம்

சந்தைக்குப் போகும் திராட்சை பெரிதாக இருந்தால் விலை. ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. பழம் சிறுத்திருந்தால் சாற்றின் அளவுக்குத் தோல் அதிகம் கிடைக்கும். எனவே பழத்தைப் பெருக்க ஜிப்ரலிக் அமிலத்தில் நனைக்கும் வேலை இதில் கூடாது.

உண்ணும் திராட்சையை 16 முதல் 18 பிரிக்ஸ் இனிப்பில் பறிக்கிறோம். ஒயின் திராட்சைக்கு 22 முதல் 24 பிரிக்ஸ் வேண்டும். புளிப்பும் இறங்கிவிடக் கூடாது. அதனால் கொத்துகளைக் குறைத்து, ஏக்கருக்குச் சுமார் 4 முதல் 6 டன் மகசூலோடு நிறுத்துகிறார்கள்.

ரகமும் வேர்ச்செடியும்

சிவப்பு ஒயினுக்கு கேபர்நே சாவிஞோன், ஷிராஸ் ரகங்களும், வெள்ளை ஒயினுக்கு செனின் பிளாங்க், சாவிஞோன் பிளாங்க் ரகங்களும் அங்கு பயிராகின்றன. வறட்சியையும் உப்பையும் தாங்க, வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகளையே நட வேண்டும். டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் கொடி மிக வீரியமாக வளரும். மிதமான வளர்ச்சி தரும் 110ஆர் ஒயின் ரகங்களுக்குப் பொருந்தும். கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்த பிறகே வேர்ச்செடியை முடிவு செய்யுங்கள்.

இரண்டு கவாத்து, ஒரு அறுவடை

நாசிக்கில் ஏப்ரலில் முதல் கவாத்து. புதிதாக வரும் கிளைகளில் சுமார் 40 முதல் 60 நாட்களில் அடுத்த காய்ப்புக்கான பூமொட்டு உருவாகிறது. மழை ஓய்ந்த பின், செப்டம்பர் - அக்டோபரில் இரண்டாவது கவாத்து. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பழம் முதிரும்போது மழையில்லை, இரவில் குளிர்ச்சி. அதனால் புளிப்பும் நிறமும் நிற்கின்றன.

இந்தக் கால அட்டவணையை நம் ஊரில் அப்படியே பின்பற்றாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. அந்த ஈரத்தில் இளந்தளிரையும் பூங்கொத்தையும் அடிச்சாம்பல் நோய் தாக்கும். கவாத்தைத் தள்ளிப்போட்டால் பழம் கோடை வெயிலில் முதிர்ந்து, இனிப்பு ஏறும்போதே புளிப்பு இறங்கிவிடும். உங்கள் பகுதியின் மழை நாட்களையும் இரவு வெப்பத்தையும் பார்த்துத்தான் கவாத்து நாளைக் குறிக்க வேண்டும்.

தண்ணீரை எப்போது குறைப்பது?

சொட்டு நீர்ப் பாசனம் அவசியம். பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் தண்ணீர் குறையக் கூடாது. பிஞ்சு பிடித்த பிறகு, நிறம் மாறும் வரை படிப்படியாகக் குறைக்கலாம். கிளை நுனியின் வளர்ச்சி நின்றால் அந்த அளவு போதும். இலை கருகும் வரை காயவிட்டால் இனிப்பு ஏறாது. அறுவடை நெருங்கும்போது தண்ணீரை அதிகமாக விட்டால் பழம் வெடிக்கும், சாறு நீர்த்துப்போகும். மேற்கு வெயில் படும் பக்கத்தில் கொத்துகளை மறைக்கும் இலைகளைக் கிள்ள வேண்டாம்.

ஒப்பந்தம் இல்லாமல் நடாதீர்கள்

ஒயின் ரகப் பழம் சிறியது, விதையுள்ளது, தோல் தடித்தது. ஆலை வாங்காவிட்டால் பழக்கடையில் விலை போகாது. 2008-க்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தில் ஒயின் விற்பனை சரிந்தபோது, மகாராஷ்டிராவில் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. பல விவசாயிகள் நல்ல கொடிகளை வெட்டி எறிந்தார்கள்.

நடும் முன்பே ஆலையுடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்யுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

- ரகம், ஏக்கர் அளவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு
- கிலோ விலை. பிரிக்ஸ் கூடினால், குறைந்தால் விலை எப்படி மாறும்
- பிரிக்ஸையும் புளிப்பையும் யார், எங்கே, யார் முன்னிலையில் அளப்பது
- பறிப்பு, வண்டிச் செலவு யாருடையது. பணம் எத்தனை நாளில்
- ஆலை வாங்க மறுத்தால் இழப்பீடு எவ்வளவு

கொடி காய்ப்புக்கு வரவே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் பந்தல், கம்பி, சொட்டுக்குழாய் என்று பெரும்பணம் நிலத்தில் இறங்கிவிடும். ஒப்பந்தக் காலம் குறைந்தது அந்த முதலீடு திரும்பும் வரையாவது இருக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தை நம்பி இருக்கும் பந்தலைப் பிரிக்க வேண்டாம். முதலில் கால் ஏக்கரில் நட்டுப் பாருங்கள். மண், நீர் பரிசோதனைக்கும் கவாத்து நாளை முடிவு செய்யவும் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.