கணிப்பொறிக்கும் கடைசற் பொறிக்கும் இடையே

ஜங்லிகாட் என்னும் பெயரைக் கேட்கும் தமிழர் பலர், அதன் ஈற்றில் நிற்கும் 'காட்' என்பதைக் 'காடு' என்றே கொள்வர். உண்மை அதற்கு மாறானது. 'ஜங்லி' என்பதே காட்டைச் சுட்டுவது. 'காட்' என்பது படகுகள் வந்து அணையும் துறை. 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்பெறும் போர்ட் பிளேரின் ஒரு பகுதியாகிய இவ்வூரில், மீன்கள் வந்திறங்கும் துறையும், தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் கலந்து வாழும் தெருக்களும் உள்ளன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இத்தகைய ஊர் நல்லதொரு பாடசாலை. ஒரே பொருள் பற்றி இருவர் இரு மொழியிற் பேச, இடையே நிற்பவன் ஒரு சொல்லைப் பிசகவிட்டால், பேரமே முறிந்துவிடும்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் இவ்வாறு இடையே நிற்கும் ஒன்றைப் பற்றியதேயாகும். பேசுவோர் மட்டும் மனிதர் அல்லர். ஒருபுறம் கணிப்பொறி, மறுபுறம் இரும்பையும் மரத்தையும் கடைந்தும் செதுக்கியும் உருவாக்கும் சி.என்.சி. இயந்திரம். இரண்டையும் இணைக்கும் மின்னணுப் பலகையை 'இடைமுகம்' என்று கலைச்சொல்லாளர் பெயரிட்டுள்ளனர். நம்மைக் கேட்டால், பழைய சென்னைத் துறைமுகத்தில் வழங்கிய 'துபாஷி' என்ற சொல்லே இதற்குச் சாலப் பொருந்தும் என்போம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்து செய்த வேலையை, உள்ளங்கையளவேயான இப்பலகை இரு பொறிகளுக்கிடையே செய்துவருகின்றது.

இயந்திரத்துக்குக் கட்டளையை எழுதிக் கொடுக்கும் எண்ணம் புதியதன்று. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியின் மேல் ஏற்றப்பட்டுள்ள ஜக்கார்டுப் பெட்டியைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதற்குரிய பாவு நூல் மேலெழும். கரையில் அன்னமோ மயிலோ தோன்றும். இக்கருத்தை உலோக வேலைக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் அமெரிக்க நாட்டு ஜான் பார்சன்ஸ். ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவுகளைக் கைவேலையால் பிசகின்றி உருவாக்குவது அரிதாயிருந்தமையால், அவர் எண்களைக் கொண்டே இயந்திரத்தை நகர்த்த எண்ணினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952ஆம் ஆண்டில் அத்தகைய இயந்திரத்தை இயக்கிக் காட்டினர். துளையிட்ட நாடாவிலிருந்து கட்டளை வந்தது. அதனைப் படித்து நிறைவேற்றிய வால்வு அலமாரிகள், ஏறத்தாழ அந்த இயந்திரத்தின் அளவே இடத்தை அடைத்துக்கொண்டன. அந்த அலமாரிகள் செய்த வேலையைத்தான் இன்று கணிப்பொறியும் இடைமுகப் பலகையும் பங்கிட்டுக்கொள்கின்றன.

நம் நாட்டில் பெங்களூரின் எச்.எம்.டி. நிறுவனமும், 1962இல் அங்கு அமைந்த மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையமும், கோவையில் 1962இல் தோன்றி 1988இல் இயந்திரக் கருவிப் பிரிவைத் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸும் இத்துறையில் பெயர்பெற்றவை. ஆயினும் நமது அக்கறை, புதிய இயந்திரம் வாங்கவியலாத சிறு பட்டறைகளின் மீதே. முப்பது ஆண்டுகட்கு முன் வாங்கிய இயந்திரமொன்றின் இரும்புப் படுகை இன்றும் உறுதியாக இருக்கும். மூளையாகிய கட்டுப்பாட்டுப் பெட்டியோ இறந்துபோயிருக்கும். அதன் உதிரிப் பாகங்களைச் செய்வாரும் இல்லை. அந்நிலையில் சாதாரணக் கணிப்பொறியொன்றையும் இடைமுகப் பலகையொன்றையும் பூட்டி அதற்கு மறுவாழ்வு அளிப்பர். ராஜ்கோட்டிலும் புனேயிலும் பீன்யாவிலும் பணிபுரியும் நம் இளைஞர் பலர் இத்தகைய இயந்திரங்களின் முன்னே நாள்தோறும் நிற்பவர்கள். ஆகவே அப்பலகை எப்படி அமைக்கப்படுகிறது என்பது, அவர்தம் விரல்களோடும் தொடர்புடைய செய்தியாகும்.

முதலில் எண்களைப் பார்ப்போம். படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுழல்வது. அதனை இயக்கும் பெட்டி ஒவ்வொரு படியையும் பத்தாகப் பகுத்தால், ஒரு சுற்றுக்கு 2,000 மின்துடிப்புகள் வேண்டும். மோட்டாரோடு பிணைந்த திருகுதண்டு ஒரு சுற்றில் 5 மில்லிமீட்டர் நகர்த்துவதாயின், ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள் என்றாகிறது. ஒரு துடிப்புக்கு நகரும் தொலைவு 0.0025 மில்லிமீட்டர். மேசை நொடிக்கு 50 மில்லிமீட்டர் விரைவில் ஓடவேண்டுமெனில், நொடிக்கு 20,000 துடிப்புகளை ஒழுங்கு தவறாமல் அனுப்பவேண்டும். அதாவது 50 மைக்ரோ நொடிக்கு ஒன்று.

இங்கேதான் முதற் சிக்கல் எழுகின்றது. கணிப்பொறி விரைவானதே, ஆனால் நேரந் தவறாதது அன்று. திரையைப் புதுப்பித்தல், கோப்பைச் சேமித்தல், வலையோடு பேசுதல் என நூறு வேலைகளை மாறிமாறிச் செய்யும் இயல்பினது. துடிப்பு ஒன்று சிறிது தாமதித்து, அடுத்தது விரைந்து வந்தால், ஓட்டத்திலுள்ள மோட்டார் அதனைத் தொடரமாட்டாமல் பிசகி நின்றுவிடும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் பிசகியது தெரியாது, கணிப்பொறிக்கும் தெரியாது. வெட்டுக்கருவி வேறிடத்தில் நிற்க, இங்கே நிற்பதாக எண்ணிக் கணிப்பொறி மேலும் கட்டளையிடும். இதனால் நல்லதொரு மரப்பலகை பாழாகும். சில வேளைகளில் கருவி இறுக்கியின் மீதே மோதும்.

தனிக் கணிப்பொறிகளில் அச்சுப்பொறிக்கென வைத்திருந்த 25 முனைத் துறையின் வழியே நெடுங்காலம் இத்துடிப்புகளை அனுப்பினர். அதில் 2 முதல் 9 வரையிலான எட்டு முனைகள் கட்டளை வெளியேறும் வழி. 10 முதல் 13 வரையும் 15ஆவதும் ஆகிய ஐந்து முனைகள் செய்தி உள்ளே வரும் வழி. மலிவானதும் எளிதானதுமாகிய அம்முறையில், நேரந் தவறாமையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் கணிப்பொறியின் மேலேயே விழுந்தது. இன்று அத்துறையே கணிப்பொறிகளிலிருந்து மறைந்துவருகிறது. ஆகவே துடிப்பெழுப்பும் வேலையை மட்டும் பலகையில் உள்ள தனிச் சில்லு ஒன்றிடம் ஒப்படைத்து, கணிப்பொறி 'இந்த இடத்திற்கு இந்த விரைவிற் செல்க' என்று மட்டும் கூறும் முறை பரவியுள்ளது. 16 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சிறு ஆர்டுயினோப் பலகைகூட நொடிக்கு 30,000 துடிப்பளவு தளராமல் அளிக்கவல்லது. அச்சில்லுக்கு வேறு வேலை இல்லை என்பதே அதன் சிறப்பு.

இரண்டாவது சிக்கல் மின்னழுத்தம். கணிப்பொறி 5 வோல்ட்டிலோ அதற்குக் குறைவாகவோ பேசுவது. இயந்திரத்தின் சுவிட்சுகள் 24 வோல்ட்டிலும், கருவியைச் சுழற்றும் பெரிய மோட்டார் 230 அல்லது 415 வோல்ட்டிலும் இயங்குவன. நல்ல துபாஷி சொல்லை மட்டுமே கொண்டுசெல்வான். எதிரி ஓங்கிய அடியைத் தன் தலைவனிடம் சேர்ப்பிக்கமாட்டான். இவ்வேலைக்கு அமைந்ததே ஆப்டோ கப்ளர் எனும் ஒளிவழிப் பிரிப்பான். கறுத்த சிறு பெட்டிக்குள் ஒருபுறம் விளக்கு. மறுபுறம் அவ்வொளியை உணரும் டிரான்சிஸ்டர். இடையே கம்பித் தொடர்பே கிடையாது. ஒளி மட்டுமே கடக்கும். ஒரு பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்தாலும் மறுபக்கம் தப்பும். ஆனால் எல்லாப் பிரிப்பானும் எல்லா இடத்திற்கும் ஆகா. விலை மலிந்த வகை, சுவிட்சின் செய்தியைச் சொல்லப் போதுமானது. 20,000 துடிப்புகள் ஓடும் வழியில் அதனை வைத்தால், துடிப்பின் கூர்மை மழுங்கி, இரண்டுக்கு ஒன்று விழுங்கப்படவுங்கூடும். விரைவு வகையை அங்கு வைத்தல் வேண்டும். பலகை செய்வோர் மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

இனி, எல்லாவற்றினும் முதன்மையானதாக நாம் கருதும் பகுதிக்கு வருவோம். அது நிறுத்தம்.

இயந்திரத்தின் முகப்பில், மஞ்சள் பின்னணியில், காளான் வடிவில் அமைந்த சிவப்புப் பொத்தானை நம் நேயர்கள் கண்டிருப்பர். அதனை அழுத்தியதும் என்ன நிகழவேண்டும்? 'கணிப்பொறிக்குச் செய்தி போகும். அது நிறுத்தும்' என்று விடை கூறுவோர் உளர். கணிப்பொறியே உறைந்துபோய், கைவிட்ட நிலையிலன்றோ நாம் அப்பொத்தானை நாடுகிறோம்? ஆகவே அப்பொத்தான் கணிப்பொறியின் தயவை எதிர்பாராமல், ரிலேக்களின் வழியே மோட்டாருக்குச் செல்லும் வலிய மின்சாரத்தைத் தானே துண்டித்தல் வேண்டும். கணிப்பொறிக்குச் செய்தி போவது அதன்பின் நிகழும் ஓர் அறிவிப்பு மட்டுமே.

அடுத்து, அப்பொத்தானின் சுற்று இயல்பாக மூடியிருத்தல் வேண்டும். மின்னோட்டம் இடையறாது ஓடிக்கொண்டிருக்கும்வரை இயந்திரத்துக்கு ஓட அனுமதி. ஓட்டம் அறுந்தால் நிறுத்தம். அழுத்தும்போது மின்சாரம் பாயும்படி மாற்றி அமைத்தால், எலி கடித்துக் கம்பி அறுந்திருந்தாலும் எவர்க்கும் தெரியாது. உயிர் போகும் வேளையில் அழுத்தினால் ஒன்றும் நிகழாது. சொந்த ஊருக்கு ரயிலில் வந்துபோகும் நம் நேயர்கட்கு இதற்கோர் உவமை கூறலாம். வண்டித் தொடர் முழுதும் ஓடும் குழாயில் காற்றழுத்தம் நிறைந்திருக்கும்வரையிலேதான் சக்கரங்கள் தடையின்றிச் சுழலும். அபாயச் சங்கிலியை இழுத்தால் காற்று வெளியேறிப் பிரேக் பிடிக்கும். பெட்டிகளின் இணைப்பே அறுந்தாலும் காற்று வெளியேறும். எவரும் இழுக்காமலே பிரேக் பிடிக்கும். குறை நேரின் நிற்றல் என்னும் இவ்விதியையே இடைமுகப் பலகையிலும் காணவேண்டும்.

கணிப்பொறி உயிரோடிருக்கிறதா என்பதையும் பலகை இடைவிடாது சோதிக்கலாம். கணிப்பொறி நொடிக்கு 12,500 முறை ஒரு துடிப்பை ஒரு தனி முனையில் அனுப்பிக்கொண்டேயிருக்கும். அது பலகையிலுள்ள சிறு மின்தேக்கியை நிரப்பிக்கொண்டேயிருக்கும். துடிப்பு நின்றால் மின்தேக்கி வடிந்து, ரிலே விழுந்துவிடும். கணிப்பொறியை இயக்கும்போது அதன் முனைகள் சிறிது நேரம் கட்டற்ற நிலையில் ஏறி இறங்கும். அப்போது மோட்டார் திடுமெனச் சுழன்றுவிடாமல் காப்பதும் இவ்வமைப்பே. சில ரூபாய் செலவே ஆகும் இதனை விட்டுவிட்டு, முகப்பில் வண்ண விளக்குகளைப் பொருத்தும் பலகைகளை நாம் மெச்சுவதற்கில்லை.

இன்னும் இரு நுட்பங்கள் உள. அழுத்திய பொத்தானைத் திருகி விடுவித்தவுடனே இயந்திரம் ஓடத் தொடங்கலாகாது. தனிப் பொத்தானால் மறுபடி தொடங்கவேண்டும். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போதும் அவ்வாறே. மேலும், செங்குத்தாக ஏறி இறங்கும் தலை கனமுடையதாயின், மின்சாரத்தை அறுத்த கணமே அது தன் பாரத்தால் கீழே விழும். ஆகவே, மின்சாரம் உள்ளபோது விடுவித்து, இல்லாதபோது பற்றிக்கொள்ளும் பிரேக் அதற்கு இன்றியமையாதது. காப்பதற்கென்று செய்த நிறுத்தமே கையை நசுக்கும் நிலை இன்றேல் உண்டாகும்.

வேலை விரைவின் பொருட்டு, கதவு சுவிட்சையோ எல்லைச் சுவிட்சையோ ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஊமையாக்கிவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. 'அண்ணே, இது எப்போதும் இப்படித்தான்' என்று புதிதாக வந்த தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்வர். அத்துண்டுக் கம்பியை எடுக்கச் சொல்லும் உரிமை அந்தத் தம்பிக்கு உண்டு. ஏனெனில் இயந்திரத்துக்கு அருகில் நிற்பது அவன் கையேயன்றி முதலாளியின் கையன்று.

ஜங்லிகாட் போன்ற கடலோர ஊரில் ஒருவர், அந்தமான் படாக் மரத்தில் கதவு வேலைப்பாடு செதுக்க இத்தகைய இயந்திரம் அமைப்பாராயின், வேறு சில எதிரிகளையும் எண்ணவேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக் காற்றும் செம்புத் தொடுமுனைகளைப் பச்சை பூக்கச் செய்யும். பலகையின் மேல் காப்பு மெழுக்குப் பூசி, ரப்பர் விளிம்புடைய பெட்டிக்குள் அடைத்து, ஈரமுறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் உள்ளே இடவேண்டும். தீவுகளின் மின்சாரத்திற் பெரும்பகுதி டீசல் இயந்திரங்களிலிருந்து வருவதால், ஏற்ற இறக்கத்தையும் நிறுத்தத்தையும் எதிர்பார்த்தே வழங்குபெட்டியைத் தெரிவு செய்தல் நலம். சில்லு ஒன்று எரிந்தால் சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாளளவு கடலில் வரவேண்டும்; ஆதலின் பிரிப்பான்களையும் ரிலேக்களையும் பற்றுவைத்து ஒட்டாமல், பிடுங்கி மாற்றத்தக்க தாங்கிகளிற் செருகி வைப்பது இங்கு ஆடம்பரம் ஆகாது. ஆனால் தாங்கியின் தொடுமுனையும் துருவேறும். பொன்முலாம் பூசிய வகையே வாங்கத்தக்கது.

துடிப்புக் கம்பிகளை மோட்டாரின் மின்கம்பிகளோடு ஒரே குழாயில் விடலாகாது. பெரிய மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி எழுப்பும் மின்னிரைச்சல், இல்லாத துடிப்பை இருப்பதாகக் காட்டிவிடும். உறையிட்ட கம்பியின் உறையை, ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைத்தல் பெரும்பாலான சிறு பட்டறைகளுக்குப் போதுமானது.

எல்லாம் பூட்டி முடிந்த பின்னர், கருவியையும் மரத்தையும் வைக்காமல் வெறும் மேசையை ஓடவிட்டுச் சோதிக்கவேண்டும். ஓடும்போதே கணிப்பொறியின் இணைப்புக் கம்பியைப் பிடுங்குக, நிற்கவேண்டும். எல்லைச் சுவிட்சின் கம்பி ஒன்றைக் கழற்றுக, நிற்கவேண்டும். சிவப்புப் பொத்தானின் கம்பியைத் துண்டிக்குக, நிற்கவேண்டும். முதன்மைச் சுவிட்சை அணைத்து மறுபடி ஏற்றுக, ஓடாதிருக்கவேண்டும். இந்நான்கில் ஒன்று தவறினும் அன்று மரம் ஏற்றுவதற்கில்லை.