ஏரி உறைஞ்சா போதுமா? ஐஸ் ஃபிஷிங் போறவங்க முதல்ல அளப்பது எதை?

நண்பர்கள் நாலு பேர், ஃபிளாஸ்க்கில் காபி, ஐஸில் துளை போட ஒரு கருவி. அமெரிக்காவின் மினசோட்டாவில் குளிர்கால வார இறுதி பலருக்கும் இப்படித்தான். உறைந்த ஏரி மேலேயே உட்கார்ந்து, துளைக்குள் தூண்டில் விட்டுக் காத்திருப்பார்கள்.

மேலே ஐஸ், கீழே எப்படி மீன்?

தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில்தான் அடர்த்தி அதிகம். அந்த நீர் அடியில் தங்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து உறையும். மீன்கள் கீழே உயிரோடு இருக்கும்.

எப்போது நடக்கலாம்?

குறைந்தது 4 அங்குலத் தெளிவான ஐஸ் வேண்டும் என்கிறது மினசோட்டா இயற்கை வளத் துறை. வெள்ளை ஐஸ் என்றால் இருமடங்கு. ஒரே ஏரியில் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். அதனால் போகப் போக அளக்கணும்.

தடிமன் மட்டும் போதுமா?

போதாது. 2009 பிப்ரவரியில் ஒஹையோ பக்கம் ஈரி ஏரியில், விரிசல் மேல் மரப்பலகை போட்டுத் தாண்டிப் போனார்கள். காற்றில் விரிசல் அகன்று, ஐஸ் பாளம் கரையிலிருந்து பிரிந்தது. 100-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர், ஒருவர் இறந்தார்.

அதனால், கூட்டத்தில் ஒருத்தர் ‘வேணாம்டா, திரும்பிடலாம்’னு சொன்னா கிண்டல் பண்ணாதீங்க. திரும்பிடுங்க.