சவூதிக்குப் போன் செய்யும் முறை: உம்ரா குடும்பங்கள் அறிய வேண்டியவை

உம்ராவுக்குச் செல்லும் பெரியவர் ஹரமில் கூட்டத்தில் வழி தவறிவிட்டால், அவர் பையில் இருக்கும் சீட்டைப் பார்த்து அங்குள்ள யாராவது ஒருவர்தான் நமக்குப் போன் செய்வார். அந்தச் சீட்டில் நம் ஊர் எண் வெறும் 10 இலக்கமாக இருந்தால், சவூதி போனிலிருந்து அழைப்பு நமக்கு வந்து சேராது. பயணத்துக்கு முன்பே இதைச் சரி செய்துகொள்வது நல்லது.

சவூதியின் நாட்டுக் குறியீடு 966. அங்குள்ள மொபைல் எண்கள் 05 என்று தொடங்கும்; மொத்தம் 10 இலக்கம். அந்நாட்டுக்குள் அப்படியே அழைக்கலாம். இந்தியாவிலிருந்து அழைக்கும்போது முதலில் உள்ள 0-வை விட்டுவிட்டு, +966 சேர்க்க வேண்டும். கூட்டல் குறி போட வசதியில்லாத போனில் அதற்குப் பதிலாக 00 அழுத்த வேண்டும்.

லேண்ட்லைனுக்கும் இதே முறைதான். மக்கா, ஜித்தாவுக்கு 012, மதீனாவுக்கு 014, ரியாதுக்கு 011, தம்மாமுக்கு 013. இங்கிருந்து அழைத்தால் ஜித்தாவுக்கு +966 12 என்று தொடங்க வேண்டும். பழைய டைரியில் 02 என்று இருக்கும் ஜித்தா எண் இப்போது 012 ஆகிவிட்டது.

அங்கிருந்து இந்தியாவுக்கு +91. சென்னை லேண்ட்லைன் என்றால் 044-இல் உள்ள 0-வை விட்டு +91 44.

எண் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. கூட்டல் குறிக்குப் பிறகு எண்ணிப் பாருங்கள். சவூதி எண்ணானாலும் இந்திய எண்ணானாலும், மொபைலோ லேண்ட்லைனோ, 12 இலக்கம் இருக்க வேண்டும். 13 வந்தால் பெரும்பாலும் 0-வை எடுக்க மறந்திருப்பீர்கள்.

பயணி இந்திய சிம்மையே ரோமிங்கில் வைத்திருந்தால், 966 தேவையில்லை. வழக்கமான எண்ணுக்கே அழைக்கலாம். ஆனால் அழைப்பை ஏற்பவருக்கும் கட்டணம் ஆகும், சுருக்கமாகப் பேசுங்கள். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை 6 மணி என்றால் அங்கே அதிகாலை 3.30.

ஆம்புலன்சுக்கு 997; மக்காவில் அவசர உதவிக்கு 911. இவற்றை அங்கிருப்பவர் எந்தக் குறியீடும் சேர்க்காமல் அழைக்க வேண்டும். இங்கிருந்து அழைத்தால் கிடைக்காது. எனவே குழுத் தலைவர், தங்குமிடம் இரண்டின் எண்களையும் +966 உடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே வீட்டுப் பெரியவரின் போனை எடுத்து, பிள்ளைகளின் எண்களுக்கு முன் +91 சேர்த்துச் சேமியுங்கள். அதே எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி, அவர் கழுத்தில் தொங்கும் பையில் வையுங்கள்.