நமக்கு நாமே அளிக்கும் வாய்தா

பிறரிடம் ஊழியம் பார்ப்பவருக்கு மேலதிகாரி உண்டு. வருகைப் பதிவேடு உண்டு. மாத முடிவில் கணக்குக் கேட்பாரும் உண்டு. சொந்தத் தொழில் நடத்துவோருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. கடையை எட்டு மணிக்குத் திறப்பதும் பத்து மணிக்குத் திறப்பதும் அவர் விருப்பம். இந்தச் சுதந்திரத்தை நாடியே பலர் சொந்தத் தொழிலில் இறங்குகின்றனர். ஆயினும் அவர்களை வருத்தும் நோயும் இதே சுதந்திரத்திலிருந்துதான் பிறக்கிறது. இன்று செய்ய வேண்டியதை நாளைக்கென்று தள்ளிவைக்கும் பழக்கமே அந்நோய்.

நீதிமன்றத்தில் வழக்கை ஒத்திவைப்பதை நாம் ‘வாய்தா’ என்கிறோம். அங்கே வாய்தா கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர். ஆகவே கேட்டதெல்லாம் கிடைப்பதில்லை. தமக்குத் தாமே முதலாளியாக இருப்பவரின் நிலை வேறு. கேட்பவரும் அவரே, வழங்குபவரும் அவரே. அத்தகைய நீதிமன்றத்தில் எந்த மனுவும் தள்ளுபடியாவதில்லை.

இச்சொல்லின் வரலாறு சிந்தனைக்கு உரியது. வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இது பிறந்தது. இந்தியில் ‘வாதா’ என்றால் இன்றும் வாக்குறுதிதான். குஜராத்தி வணிகர் வழக்கில் ‘வாய்தா’ என்பது, குறித்த நாளில் குறித்த விலைக்குச் சரக்கை ஒப்படைப்பதாகச் செய்துகொள்ளும் முன்பேர ஒப்பந்தத்தைச் சுட்டும். நம் பேச்சிலோ அது பெரும்பாலும் காலம் கடத்துதலைக் குறிப்பதாயிற்று. ஒத்திவைப்பாகிப் போன வாய்தாவை மீண்டும் வாக்குறுதியாக மாற்றுவது எவ்வாறு என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் பொருள்.

இதற்கு விடை தேட ஏற்ற இடம் கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த ஜூ டவுன். 1568-இல் எழுந்த பரதேசி யூத வழிபாட்டுக்கூடம் அங்கே நிற்கிறது. டச்சுக் கம்பெனியாரின் பெருவணிகராக விளங்கிய எசேக்கியேல் ரகாபி, 1760-ஐ ஒட்டி அதற்கு மணிக்கூண்டு ஒன்றை அமைத்தார். பல சமூகத்தாரும் பார்த்தறியும் வகையில் ரோமன், ஹீப்ரு முதலிய வெவ்வேறு எண்கள் அதன் முகப்புகளில் பொறிக்கப்பட்டன. ஆனால் கடிகாரம் நேரத்தைக் காட்டுமேயன்றிக் காரியத்தை முடிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தக் கட்டாயம் வேறு மூன்று வழிகளில் வருவதை அப்பகுதித் தொழில்களிலேயே காண்கிறோம்.

முதலாவது, இயற்கை விதிக்கும் எல்லை. ஜூ டவுனிலிருந்து சிறிது தொலைவில், ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் சலவைத்துறை ஒன்று இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணிகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோர் அங்குத் தொழில் செய்கின்றனர். இன்றுள்ள துறையை 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் கழகத்தார் கட்டிக் கொடுத்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொட்டி. ஒருவருக்கு மற்றவர் முதலாளி அல்லர். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி அவர்கள் உலர்த்துகிறார்கள். காலை வெயில் தவறினால் அன்றைய துணி அன்று உலராது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டாலோ, சற்றே முகங்காட்டும் வெயிலையும் விட்டுவிட இயலாது. அங்கே வெயில்தான் மேற்பார்வையாளர். அதனிடம் எவரும் வாய்தா கேட்க முடியாது.

இரண்டாவது, வழக்கம் விதிக்கும் எல்லை. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர்க் கொச்சி யூதர்களிற் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியிருந்த மிகச் சிலருள் சாரா கோஹன் அம்மையார் ஒருவர். 2019-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்த அவர், ஜூ டவுனில் கைத்தையற் கடை ஒன்றை நெடுங்காலம் நடத்தினார். யூத ஆடவர் அணியும் சிறு தொப்பிகளும், வெள்ளிக்கிழமை மாலை உணவின்போது ரொட்டியை மூடிவைக்கும் பூவேலைத் துணிகளும் அக்கடையின் சிறப்பு. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை மாலைக் கதிரவன் மறையும் வேளையில் தொடங்குகிறது. அந்நாளில் விலக்கப்பட்ட 39 வகைத் தொழில்களுள் தையலும் ஒன்று. வெள்ளிக்கிழமை உணவுக்கு வேண்டிய துணியைச் சனிக்கிழமை கொடுத்துப் பயனில்லை. சனிக்கிழமை தைக்கவும் முடியாது. வாரந்தோறும் ஓய்வுக்கென ஒரு நாள் உறுதியாக இருப்பதால், உழைப்புக்கும் ஒரு கரை ஏற்படுகிறது. கடையை ஒருநாளும் மூடாதவருக்கு ‘இன்றில்லாவிட்டால் நாளை’ என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும்.

மூன்றாவது, பிறருக்குக் கொடுத்த சொல் விதிக்கும் எல்லை. 1957-இல் நிறுவப்பட்ட இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வணிகச் சங்கத்தின் முன்பேரச் சந்தை ஜூ டவுனில்தான் நடைபெற்றது. கணினி வருவதற்கு முன்பு, வணிகர்கள் ஒரு கூடத்தில் திரண்டு உரத்த குரலில் விலை கூறுவர். எதிரே நிற்பவர் ஏற்றுக்கொண்ட மறுகணமே அது பலரறிய உரைத்த வாக்கு. தவணை நாளில் மிளகை ஒப்படைக்க வேண்டும். அன்றேல் விலை வேறுபாட்டைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க வேண்டும். அவ்வணிகர் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே முதலாளிதான். ஆயினும் நாள் மட்டும் அவர் கையில் இல்லை.

நம்மில் பலருடைய தொழிலுக்கு வெயிலும் ஆணையிடுவதில்லை, வழக்கமும் ஆணையிடுவதில்லை. எனினும் மூன்றாவது எல்லையை எவரும் தாமே அமைத்துக்கொள்ளலாம். ‘இரண்டொரு நாளில் தருகிறேன்’ என்பது வாக்குறுதியாகாது. ‘வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தருகிறேன்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர் கண்முன்னே ஏட்டிலும் எழுதுவதே வாக்குறுதி. செய்யும் நேரத்தையும் இடத்தையும் முன்னரே குறித்துக்கொள்வது இன்னும் நன்று. ஜெர்மானிய உளநூல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர், தம் துணைவருடன் சேர்ந்து 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். விடுமுறைக்காலத்தில் ஒரு கட்டுரையை எழுதுமாறு மாணவர்கள் அதிற் கேட்டுக்கொள்ளப்பட்டனர். எப்போது, எங்கே எழுதுவது என்று குறித்துக்கொண்டவர்களுட் பெரும்பாலோர் உரிய காலத்தில் முடித்தனர்; குறிக்காதவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே முடித்தனர்.

நாம் தள்ளிவைப்பது எதை என்பதையும் கவனிக்க வேண்டும். தையற்காரர் தைப்பதைத் தள்ளுவது குறைவு. கணக்கெழுதுவதையும், வரவேண்டிய பாக்கியைக் கேட்பதையும், வரி விவரம் தாக்கல் செய்வதையுமே தள்ளுகிறார். பாக்கியைக் கேட்கக் கூச்சம். கணக்கைத் திறக்க அச்சம். காலந்தாழ்த்துதல் வெறும் சோம்பல் அன்று, மனத்துக்கு ஒவ்வாத உணர்ச்சியிலிருந்து சிறிது நேரம் தப்பும் முயற்சியே அது என்று ஃபியூஷா சிரோய், டிமதி பைச்சில் என்னும் உளநூல் அறிஞர்கள் 2013-இல் விளக்கினர். ஆகவே நம்மை நாமே கடிந்துகொள்வதால் பயன் சிறிது. அது ஒவ்வாமையை வளர்க்கவே செய்யும். வேலையைச் சிறிதாக்குவதே தக்க உபாயம். ஆண்டுக் கணக்கை அஞ்சுகிறவர், நாள்தோறும் கடை அடைக்குமுன் அன்றைய கணக்கை மட்டும் எழுதலாம்.

தாமதம் அனைத்தும் தீதென்று கொள்ளவும் வேண்டா. திருக்குறளில் வினைசெயல்வகை என்னும் அதிகாரம், நிதானமாகச் செய்ய வேண்டியவற்றையும் நில்லாது செய்ய வேண்டியவற்றையும் வேறு பிரிக்கிறது. துணிந்தபின் தாழ்த்துவதே குற்றம் என்கிறது. மிளகு வணிகர் நல்ல விலைக்காகக் காத்திருப்பது அறிவுடைமை. விலை பேசி முடித்தபின் சரக்கை அனுப்பக் காத்திருப்பது அன்று.

வெளி மாநிலத்தில் தொழில் நடத்தும் நம்மவருக்கு இது மேலும் இன்றியமையாதது. சொந்த ஊரில் ஒருநாள் தவறினாலும், தந்தையின் பெயரைச் சொல்லியோ உறவின் பெயரைச் சொல்லியோ பொறுத்துக்கொள்வார்கள். அயலூரில் நம்மை யாரென்று அறிவிப்பது நம் சொல் ஒன்றே. பணமுதல் குறைந்தால் கடன் வாங்கி நிரப்பலாம். சொல்லின்மேல் உள்ள நம்பிக்கை குறைந்தால் அதைக் கடனாகக் கொடுப்பார் இல்லை. நாளைக் காலை நாம் தள்ளிவைத்திருக்கும் ஒரு காரியத்தை எடுத்து, அதற்குரியவரிடம் ஒரு கிழமையையும் ஒரு மணியையும் சொல்லிவிடுவோம். வாய்தா அப்போது மீண்டும் வாக்குறுதியாகிவிடும்.